சாவியை எடுத்துக் கொடுத்தது யார்?

அகளியிலும் கூளிக்கடவிலும் தாவளத்திலும், சோலையூர், புதூர்ப் பக்கத்திலும் பிள்ளை வளர்க்கும் எல்லாருக்கும்,

உங்கள் வீட்டில் வண்டிச் சாவி எங்கே தொங்குகிறது? எங்கள் வீட்டில் நிலைப்படி தாண்டியதும் இடது பக்கம், காலண்டருக்குக் கீழே ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கை நீட்டினால் எட்டும் உயரம். பத்து வருஷமாக அதே ஆணி. என் மகன் எட்டாம் வகுப்புக்குப் போகும்போதே அவன் கைக்கு அது எட்டிவிட்டது. எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

மூன்று வருஷம் முன்பு ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கோயமுத்தூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். பால் தீர்ந்துபோய்விட்டது. "ஓடிப்போய் ரெண்டு பாக்கெட் பால் வாங்கிட்டு வாடா" என்றேன். வாய் ஓடிப்போ என்றுதான் சொன்னது. கை ஆணியிலிருந்து சாவியை எடுத்து நீட்டியது. அவனுக்குப் பதினைந்து வயது. கடை ஒன்றரை கிலோமீட்டர். போனவன் நல்லபடியாகத்தான் போனான். திரும்பி வரும்போது, ரோடு போட்டவர்கள் கூட்டாமல் விட்ட பொடி ஜல்லி வளைவில் பரவிக் கிடந்திருக்கிறது. பார்த்ததும் பயந்து முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறான். முன் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கிவிட்டது. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, தாடையில் ஏழு தையல். ஹெல்மெட் ஸ்கூட்டரின் முன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. பால் பாக்கெட் இரண்டும் உடையவில்லை. யாரோ அதைப் பத்திரமாக எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார்கள்.

தையல் போடும்போது டாக்டர் தலை நிமிராமலே கேட்டார்: "வண்டியை யார் கொடுத்தது?" நான் சொன்னேன்: "அவனாவே எடுத்துட்டுப் போயிட்டான் சார்." என் பையன் படுத்த வாக்கில் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சாவியை நான்தான் கொடுத்தேன். உங்கள் வீட்டிலும் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள்.

உங்கள் சமாதானங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம், நானே சொன்னவைதான். "பையன் அருமையா ஓட்டறானுங்க." "இங்கதானே, தோட்டத்துக்கும் கடைக்கும்." "ஆள் வளர்த்தி ஆயிட்டான், பார்த்தா பதினெட்டுன்னுதான் சொல்லுவாங்க." "பஸ் இல்லாத ஊர்ல வேற என்னங்க பண்றது?" கடைசியாகச் சொன்னதில் மட்டும் நியாயம் இருக்கிறது. உள்ளே தள்ளி இருக்கும் ஊர்களுக்குச் சாயங்காலம் ஒரு பஸ் தப்பினால் ஜீப்தான். ஜீப்பும் ஆள் நிறையும் வரை நகராது. ஆனால் பஸ் இல்லாததற்குப் பஞ்சாயத்தில் போய்ச் சண்டை போட வேண்டும். பன்னிரண்டு வயதுக் குழந்தையைப் பின்னால் வைத்துக்கொண்டு பதினான்கு வயதுக் குழந்தை ஸ்கூட்டர் ஓட்டுவது பஸ்ஸுக்கு மாற்றாகிவிடாது.

"நான் அவன் வயசுல டிவிஎஸ் ஃபிப்டி ஓட்டலையா?" என்று கேட்கும் அப்பாக்களுக்கு ஒன்று சொல்கிறேன். அது 50 சிசி வண்டி. இன்று உங்கள் வாசலில் நிற்பது 110 சிசி, 125 சிசி. கிளச் இல்லை, கியர் இல்லை, முறுக்கினால் போதும். நம் ஊர் ரோட்டில் 60 தொட ரொம்ப நேரம் ஆகாது. அன்றைக்கு நீங்கள் போன ரோட்டில் எதிரே மாட்டு வண்டி வந்தது. இன்றைக்கு டிப்பர் வருகிறது, சைலண்ட் வேலி பார்க்க வரும் டூரிஸ்ட் கார் வருகிறது. நீங்கள் பிழைத்து வந்தது உங்கள் திறமையால் மட்டும் இல்லை.

"அருமையா ஓட்டறான்" என்ற பேச்சைத்தான் நான் விடப் போவதில்லை. எதை வைத்து அப்படிச் சொல்கிறோம்? விழாமல் போகிறான், வேகமாகப் போகிறான், கை விட்டுத் திரும்புகிறான். அதுவா ஓட்டத் தெரிவது? சைக்கிள் பழகிய எந்தப் பிள்ளைக்கும் ஸ்கூட்டர் அரை மணி நேரத்தில் வந்துவிடும். வண்டியை நகர்த்துவது சுலபம். நிறுத்துவதுதான் கஷ்டம். அதை யாரும் அவனுக்குச் சொல்லித் தருவதில்லை. நம் லைசென்ஸ் டெஸ்டும் அதைக் கேட்பதில்லை.

நாம் எல்லாரும் மண்ணார்க்காடு போய் எட்டு போட்டவர்கள்தான். கம்பிகள் நட்டு எட்டு வரைந்த மைதானம். காலை ஊன்றாமல், கம்பியைத் தட்டாமல் சுற்றி வந்தால் தீர்ந்தது. பிறகு கொஞ்ச தூரம் ரோட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும். எட்டு போடுவது வீண் என்று நான் சொல்லவில்லை. மெதுவாகப் போகும்போது வண்டியைச் சாய்க்காமல் பிடிக்கும் பழக்கம் அதில் வருகிறது. ஆனால் அந்த எட்டுக்குள் யாரும் இரண்டாவது கியருக்குக்கூடப் போவதில்லை. பிரேக் பிடிப்பது இல்லை. இறக்கம் இல்லை, மழை இல்லை, எதிரே பஸ் இல்லை. கேரளத்தில் ரொம்ப காலம் இந்த எட்டை எம்80 வண்டியில்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். கியர் கையில் இருக்கும், கடையில் விற்பதே நின்றுபோன பழைய வண்டி. அதில் தேறிவிட்டு வெளியே வந்தவன் மறுநாள் 350 சிசி புல்லட் வாங்கலாம். 1000 சிசி வண்டியும் வாங்கலாம். நம் நாட்டில் கியர் வண்டிக்கு ஒரே லைசென்ஸ்தான். பதினெட்டு வயது ஆக வேண்டும், லேர்னர்ஸ் எடுத்து 30 நாள் கழிய வேண்டும், எட்டு போட வேண்டும். அதற்கு மேல் படிகளே இல்லை.

2024 பிப்ரவரியில் நம் போக்குவரத்துத் துறை இதை மாற்றப் பார்த்தது. டெஸ்டுக்குக் கால் கியர் உள்ள, 95 சிசிக்குக் குறையாத வண்டி வேண்டும், ஒரு நாளில் இத்தனை டெஸ்டுதான் நடத்த வேண்டும் என்றெல்லாம் சுற்றறிக்கை வந்தது. மே மாதம் டிரைவிங் ஸ்கூல்காரர்கள் மாநிலம் முழுக்க மறியல் செய்தார்கள். அப்போதைய போக்குவரத்து மந்திரி கணேஷ் குமார் ஒன்று சொன்னார், சங்கக்காரர்கள் ஒன்று சொன்னார்கள், விஷயம் ஹைகோர்ட் வரை போனது. அவரவருக்கு அவரவர் நியாயம். அந்த நாட்களில் பெற்றோர் நாம் என்ன பேசினோம்? "பையனுக்கு டெஸ்ட் தேதி தள்ளிப் போகுதே" என்று பேசினோம். அந்த டெஸ்டில் என்ன சொல்லித் தருகிறார்கள், என்ன சொல்லித் தருவதில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட பேச்சு அது. அங்கே நம் குரல் மட்டும்தான் இல்லை.

மற்ற நாடுகளில் இந்த லைசென்ஸை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று, மகன் கை கட்டுப் போட்டுக் கிடந்த ஆறு வாரத்தில் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க மனம் கனத்தது.

ஜப்பானில் பதினாறு வயதில் 400 சிசி வரை லைசென்ஸ் எடுக்கலாம். நம்மை விட இரண்டு வயது முன்னாலேயே கொடுக்கிறார்களே என்று தோன்றும். எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். வேறு எந்த லைசென்ஸும் இல்லாதவன் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தால் மைதானத்தில் மட்டும் 19 மணி நேரப் பாடம், வகுப்பறையில் 26 மணி நேரம். மைதானத்தில் முதலில் சொல்லித் தருவதே கீழே விழுந்து கிடக்கும் வண்டியைத் தனி ஆளாகத் தூக்கி நிறுத்துவதுதான். பிறகு ஒரு பாலம். 15 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், தரையிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரம். அதன் மேல் ஏறி மறுமுனையில் இறங்க வேண்டும். சீக்கிரம் போவதற்கு மார்க் கிடையாது. ஏழு நொடிக்கு முன்னால் கடந்துவிட்டால் மார்க் குறையும். பெரிய வண்டிக்கு என்றால் பத்து நொடி. கிளச்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்து, பார்வையைத் தூரத்தில் வைத்து, ஆள் நடக்கும் வேகத்தில் போக வேண்டும். அதற்குப் பிறகு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, குறித்த இடத்தில் பிரேக் பிடித்து, சறுக்காமல் நிற்க வேண்டும். லைசென்ஸ் கையில் வந்த பிறகும் ஒரு வருஷம் வரை பின்னால் ஆளை ஏற்றக் கூடாது.

அந்தக் கடைசி விதியைப் படித்தபோது என் கண் முன்னால் கூளிக்கடவு ஜங்ஷன்தான் வந்தது. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் ஒரே ஸ்கூட்டரில் மூன்று யூனிஃபார்ம். நடுவில் உட்கார்ந்திருப்பவன் மடியில் மூன்று பை.

ஜப்பானில் இன்னொரு கதையும் இருக்கிறது. அது பெற்றோருடைய கதை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அங்கே பள்ளிப் பிள்ளைகள் பைக்கில் கூட்டமாகச் சுற்றி நிறைய பேர் செத்தார்கள். 1982-ல் உயர்நிலைப் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் கழகங்களின் தேசியக் கூட்டமைப்பு ஒரு தீர்மானம் போட்டது. லைசென்ஸ் எடுக்க விடாதே, வண்டி வாங்கித் தராதே, ஓட்ட விடாதே என்ற 'மூன்று கூடாது'தான் அது. சர்க்கார் போட்ட சட்டம் இல்லை. சட்டம் பதினாறில் அனுமதித்தபோதும், பெற்றோரும் பள்ளிகளும் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். வருஷக் கணக்காக அதில் பிடித்த பிடியாக நின்றார்கள். பிறகு அவர்களே யோசித்தார்கள். தடுத்து மட்டும் வைத்தால் பிள்ளை ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை, பள்ளியை விட்டு வெளியே போனதும் பழக்கமில்லாமல் ஏறி ஓட்டுகிறான் என்று பேச்சு வந்தது. சைதாமா மாகாணம் 2019-ல் அந்தத் தடையைக் கைவிட்டு, ஓட்டும் மாணவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கும் முறைக்கு மாறியது. தடுத்த காலத்திலும் சரி, சொல்லிக் கொடுக்கலாம் என்று மாறிய காலத்திலும் சரி, பெற்றோர் கூடிப் பேசினார்கள். இங்கே நாம் தடுப்பதும் இல்லை, சொல்லிக் கொடுப்பதும் இல்லை. நம் பிடிஏ கூட்டத்தில் யூனிஃபார்ம் நிறத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம்.

இங்கிலாந்தில் 1990-லிருந்து ஒரு கட்டாய அடிப்படைப் பயிற்சி இருக்கிறது. பதினாறு வயதில் 50 சிசி மொபெட், பதினேழில் 125 சிசி. எதுவானாலும் இந்தப் பயிற்சி முடிக்காமல் ரோட்டில் ஏற முடியாது. முதலில் கண் பார்வை பார்க்கிறார்கள். பிறகு மூடிய மைதானத்தில் ஓட்டம், பிறகு ரோட்டைப் பற்றி உட்கார வைத்துப் பேச்சு, கடைசியில் பயிற்சியாளர் பின்னால் வர, காதில் ரேடியோ வைத்து, குறைந்தது இரண்டு மணி நேரம் நிஜமான ரோட்டில் ஓட்டம். இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. பயிற்சியாளருக்கு நம்பிக்கை வந்தால்தான் சான்றிதழ். வராவிட்டால் இன்னொரு நாள் வா என்று அனுப்பிவிடுவார். அந்தச் சான்றிதழும் இரண்டு வருஷத்துக்குத்தான். வண்டியில் 'எல்' ஒட்டியிருக்கும் வரை பின்னால் ஆள் ஏறக் கூடாது. பத்தொன்பது வயதில் டெஸ்ட் எழுதி அதற்கு அடுத்த அளவு வண்டி. எவ்வளவு பெரிய வண்டியும் ஓட்டலாம் என்ற நிலை வர இருபத்திநாலு வயது ஆகும், படிப்படியாக ஏறி வந்தவனுக்கு இருபத்தொன்று.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் தடாகம், ஆனைக்கட்டிப் பக்கத்துப் பையன்கள் எத்தனை பேர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள்! அவர்களைக் கேளுங்கள். அங்கே முதல் வருஷம் 200 சிசி வரைதான். ஒரு வருஷம் கழித்து மறுபடி படித்து, மறுபடி டெஸ்ட் எழுதினால் 400 சிசி. இன்னொரு வருஷம், இன்னொரு டெஸ்ட், அப்புறம்தான் அதற்கு மேல். எட்டு அங்கேயும் உண்டு. எட்டோடு குறுகிய பலகை, கம்பிகளுக்கு நடுவே வளைந்து போவது, செங்கோண வளைவு, திடீர் பிரேக் எல்லாம் சேர்ந்து ஒரு டெஸ்ட். இரண்டு தடவை, மூன்று தடவை தோற்றுத் திரும்பியவர்கள் நிறைய. ஊரில் லீவுக்கு வரும்போது அதே பையன்கள் ஹெல்மெட் இல்லாமல் மாங்கரை வரை பறக்கிறார்கள். அங்கே அவனை அடக்குவது அந்த ஊர் முறை. இங்கே அவன் நம் கையில் இருக்கிறான்.

முறை வராத ஊரில் அந்தப் படிகளை நாம்தான் கட்ட வேண்டும். சர்க்கார் என்றைக்காவது செய்யட்டும், செய்யச் சொல்லிக் கேட்போம். அதுவரை காத்திருக்க நம் பிள்ளைகளுக்கு வயது நிற்காது.

நம் பிள்ளைகள் பழக வேண்டிய ரோடு எது என்று நினைத்துப் பாருங்கள். முக்காலியிலிருந்து மண்ணார்க்காடு இறங்கும் சுரம். ஜூன், ஜூலையில் மேலே மழையும் மஞ்சும். பத்தடிக்கு முன்னால் என்ன என்று தெரியாது. ஆனைக்கட்டிப் பக்கம் அதே நாளில் வெயில் காயும், புழுதி பறக்கும். ஒரே பயணத்தில் இரண்டு விதமான ரோடு. கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது ரோடு முழுக்க அதற்கு வேண்டும்; இறங்கி வருபவன் வளைவுக்கு முன்னாலேயே நின்று வழிவிட வேண்டும். ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. அதுதான் மலை ரோட்டு விதி. நம் பையன்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஒரு பழக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது. சிலர் எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டுவது. அப்பாக்களே, இதை நம் பிள்ளைகள் உங்களிடம்தான் கற்றுக்கொண்டார்கள். கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்கினால் பிரேக்குக்கு வேலை பாதி. நியூட்ரலில் விட்டால் மொத்தப் பாரமும் பிரேக் மேல். தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறும். சூடேறிய பிரேக், பிடித்தாலும் பிடிக்காது. ஸ்கூட்டரில் நாமாக மாற்றக் கியரும் இல்லை, ஆகவே இறக்கத்தில் அதை இன்னும் மெதுவாகத்தான் எடுத்து வர வேண்டும். நாற்பது ரூபாய்ப் பெட்ரோலுக்காக இதையெல்லாம் மறக்கிறோம்.

பிரேக்கைப் பற்றியும் ஒன்று. நிறுத்தும்போது பாரம் முன்பக்கம் சாய்வதால், உலர்ந்த நல்ல ரோட்டில் வண்டியை அதிகம் நிறுத்துவது முன் பிரேக்தான். அதையே ஜல்லியிலும் ஈரமான சருகிலும், திரும்பும்போதும் இறுக்கினால் முன் சக்கரம் சறுக்கிவிடும். இரண்டையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக, வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நேராக இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும். இந்த நாலு வரி என் மகனுக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் அவன் தாடையில் அந்தத் தழும்பு இருந்திருக்காது. 40-ல் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் போய்விடும். ஆபத்தைப் பார்த்து, விரல் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த ஒரு நொடி தீர்ந்துவிடும். பதினைந்து வயதுப் பிள்ளை அந்த நொடியில் யோசிப்பதில்லை, பயப்படுகிறான். பயந்த கை இறுக்கிப் பிடிக்கும்.

இனி சட்டம். இதையும் காது கொடுத்துக் கேளுங்கள், ஏனென்றால் பல பேருக்கு இது சாதாரணப் பெட்டி கேஸ் என்ற நினைப்பு. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வயது வராத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால் குற்றவாளி பெற்றவரோ வண்டியின் சொந்தக்காரரோதான். மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது ஆகும் வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்" என்று சொன்னால் போதாது, அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆணியில் சாவி தொங்கும் வீட்டில் அதை எப்படி நிரூபிப்பீர்கள்? நம் பக்கத்தில் ஸ்கூட்டர் பெரும்பாலும் அம்மாக்கள் பேரில்தான் இருக்கிறது. கோர்ட் படி ஏறப் போவது யார் என்று புரிகிறதா?

அபராதமாவது ஒரு தடவை கட்டிவிடலாம். பிள்ளை இன்னொருவர் மேல் மோதிவிட்டால்? லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினால், அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, அதே பணத்தை வண்டிக்காரரிடம் வசூல் செய்யலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2004-லேயே சொல்லிவிட்டது. லட்சக் கணக்கில் வரும் தொகை அது. ஒரு ஏக்கர் வாழைத் தோட்டம் அப்படியே போய்விடும்.

சிலர் புத்திசாலித்தனமாகப் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கிக் கொடுக்கிறார்கள். 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மை. அந்த வேகப் பூட்டைக் கழற்றிக் கொடுக்க ஆள் பிடிப்பதும் நீங்கள்தானே? பூட்டைக் கழற்றிய அன்றே அது மோட்டார் வண்டி, அதே சட்டம், அதே 25,000. பதினாறு வயதில் ஓட்டலாமே என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: அது 50 சிசிக்கு மேல் போகாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும், அதற்கும் லேர்னர்ஸ் வேண்டும், பெற்றவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். உங்கள் வாசலில் நிற்பது அந்த வண்டி இல்லை.

2022-ல் நாட்டில் ரோட்டு விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் கணக்கு. அதில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029. அதில் பதினாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். பின்னால் உட்கார்ந்து போவது யார்? நம் பெண்கள், நம் குழந்தைகள். ஹெல்மெட் போட்டால் உயிர் போகும் வாய்ப்பு 42 சதவீதமும் தலையில் அடிபடும் வாய்ப்பு 69 சதவீதமும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். நாலு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பது சட்டம். மாநிலம் முழுக்க வைத்த 726 கேமராவை வைத்து 2023 ஜூனில் அபராதம் போடத் தொடங்கிய பிறகு, கேமரா இருக்கும் இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டு, தாண்டியதும் கழற்றிக் கொக்கியில் தொங்க விடுகிறோம். கேமரா ஜல்லியைப் பார்த்துச் சொல்லுமா? நம் ஊரில் தலையில் பலமான அடி என்றால் சுரம் இறங்கிப் பெரிந்தல்மண்ணா போக வேண்டும், அல்லது ஆனைக்கட்டி தாண்டிக் கோயமுத்தூர். எந்தப் பக்கம் போனாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மற்ற ஊர்க்காரர்களை விட நமக்குத்தான் ஹெல்மெட் கூடுதல் தேவை. ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள், தாடைப் பட்டையைப் பூட்டுங்கள். பட்டை பூட்டாத ஹெல்மெட் விழும்போது ஆளுக்கு முன்னால் பறந்து போய்விடும்.

எங்கள் வீட்டில் இப்போது என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். ஆணியைப் பிடுங்கிவிட்டேன். சாவி என் பீரோவில். மகனுக்குப் பதினெட்டு முடிந்து போன மாதம் லேர்னர்ஸ் எடுத்தான். சிவப்பில் 'எல்' ஒட்டியிருக்கிறோம். முதல் மூன்று வாரம் களத்தில் மட்டும். அப்புறம் அப்பா பின்னால் உட்கார, காலை ஆறு மணிக்கு, வண்டி குறைவான நேரத்தில், தாவளம் வரை. மழையில் ஒரு நாள், வேண்டுமென்றே. சுரத்தில் இன்னும் விடவில்லை. லைசென்ஸ் வந்து மூன்று மாதம் கழித்துத்தான், அதுவும் முதலில் ஏறுவதற்கு, பிறகு இறங்குவதற்கு. ஒரு வருஷம் வரை பின்னால் நண்பனை ஏற்றக் கூடாது. அவன் முகம் சுளித்தான். "ஜப்பான்லயும் இப்படித்தானாம்டா" என்றேன். ஒத்துக்கொண்டான்.

களத்தில் ஒரு வேலை செய்தேன். துவரை காயப் போடும் சிமெண்ட் களம் அது. ஜப்பான்காரர்கள் சொன்ன அளவில் சுண்ணாம்பால் இரண்டு கோடு இழுத்தேன். நீளம் 15 மீட்டர், ஏறக்குறைய ஐம்பது அடி. அகலம் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று. முதலில் மகனை விடவில்லை, அவன் அப்பாவை விட்டேன். இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டுபவர். முதல் தடவை மூன்று நொடியில் கடந்துவிட்டார். மெதுவாக என்றேன், இரண்டாம் தடவை பாதியில் கோட்டைத் தாண்டிக் காலை ஊன்றினார். ஆறாவது தடவைதான் கோட்டுக்குள்ளேயே ஏழு நொடி வந்தது. இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார், முகமெல்லாம் வேர்வை. "இத்தனை நாள் நான் ஓட்டினது என்ன?" என்று கேட்டார். மகன் சிரிக்கவில்லை. அவன் அப்பா கேட்பதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த பிடிஏ கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்கப் போகிறேன். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் வண்டி கொண்டுவந்தால் அன்றே வீட்டுக்குத் தகவல் வர வேண்டும். சனிக்கிழமை மைதானத்தை லேர்னர்ஸ் எடுத்த பழைய மாணவர்களுக்குப் பயிற்சிக்குத் திறந்து தர வேண்டும். பஸ் விஷயமாகப் பஞ்சாயத்துக்கு எழுதிய மனுவையும் கொண்டு வருகிறேன். கையெழுத்துப் போட வாருங்கள்.

அதற்கு முன்னால், வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்கள் களத்துக்கு வாருங்கள். கோடு இன்னும் அழியவில்லை. அப்பாக்கள் ஓட்டுங்கள், அம்மாக்களும் ஓட்டுங்கள். பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வாருங்கள், அவன் தலைக்கும் ஒரு ஹெல்மெட்டோடு. நொடி எண்ண என் மகன் நிற்பான்.